நைட்ரஸ் ஆக்சைடைச் சிதைக்கும் புற ஊதா ஒளி

வயலில் இடப்படும் யூரியாவில் ஒரு சிறு பகுதி, பயிரையும் சேராமல், மண்ணிலும் தங்காமல், நிறமற்ற வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு எனப்படும் அவ்வாயுவை மழை கழுவி இறக்குவதில்லை. காற்றிலுள்ள வேறு பொருள்களும் அதனை எளிதில் தாக்குவதில்லை. கதிரவனின் புற ஊதா ஒளி ஒன்றே அதனைப் பெருமளவில் அழிக்க வல்லது. அந்த ஒளியும் நிலத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில்தான் அதற்குக் கிட்டுகிறது. ஆகவே, இன்று ஒரு வயலிலிருந்து வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு, சராசரியாக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வானில் நிலைத்திருக்கும்.

புவியின் வெப்பநிலை, ஓசோன் படலம், உர மானியம், உழவரின் செலவு ஆகிய நான்கும் ஒரே வாயுவின் வரலாற்றில் வந்து கலக்கின்றன. ஒளி இவ்வாயுவை எவ்வாறு உடைக்கிறது என்பதை அறிந்துகொண்டால், இதனைக் கட்டுப்படுத்தும் முயற்சி எங்கே தொடங்க வேண்டும் என்பதும் விளங்கும்.

பெயரும் இயல்பும்

நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாக்கும் வாயுக்கள் பல. அவற்றுள் மூன்றினை மாணவர்கள் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணுவும் இரு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்தது நைட்ரஜன் டையாக்சைடு. இவ்விரண்டும் வினைத்திறன் மிக்கவை. வாகனப் புகையில் காணப்படுபவை. காற்றில் ஓரிரு நாட்களுக்கு மேல் நிலைத்திருப்பதில்லை. இரு நைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் நேர்கோட்டில் அமைந்ததே நைட்ரஸ் ஆக்சைடு. இது மிகச் சாதுவான வாயு. அந்தச் சாதுத்தன்மையே இதன் நீண்ட வாழ்நாளுக்குக் காரணம்.

இவ்வாயுவை 1772-இல் ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி முதன்முதலில் தயாரித்தார். இதனைத் தாமே முகர்ந்து பார்த்து, அதன் விளைவுகளை 1800-இல் நூலாக வெளியிட்டவர் ஹம்ஃப்ரி டேவி. சிரிப்பூட்டும் வாயு என்னும் பெயர் அக்காலத்தில் பரவியதே. 1844-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் இதனை வலி நீக்கும் பொருளாகப் பயன்படுத்தினார். அறுவைக் கூடங்களில் நீல நிற உருளைகளில் இன்றும் இதனைக் காணலாம். நோயாளியின் உடலில் இவ்வாயு ஏறக்குறைய மாற்றம் எதுவுமின்றி நுரையீரல் வழியே திரும்பி வந்துவிடுகிறது.

வளிமண்டலத்தில் இவ்வாயு கலந்திருப்பது 1930-களின் இறுதியில்தான் தெரியவந்தது. கதிரவன் ஒளியின் அகச்சிவப்புப் பகுதியை ஆராய்ந்த ஆர்தர் ஆடெல் என்னும் அமெரிக்க அறிஞர், அதில் நைட்ரஸ் ஆக்சைடின் அடையாளத்தைக் கண்டறிந்தார். இன்று 100 கோடிக் காற்று மூலக்கூறுகளில் சுமார் 337 மூலக்கூறுகள் நைட்ரஸ் ஆக்சைடு ஆகும். தொழிற்புரட்சிக்கு முன்னர் இது சுமார் 270 ஆக இருந்தது என்பதைப் பனிப்பாறைகளில் சிறைப்பட்ட பழங்காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன. கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் இன்றுள்ள அளவு எக்காலத்தும் இருந்ததில்லை.

மண்ணில் பிறக்கும் விதம்

நைட்ரஸ் ஆக்சைடின் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் உழைப்பால் உண்டாவது. யூரியா மண்ணில் சேர்ந்ததும் அம்மோனியமாக மாறுகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது நைட்ரேட்டாக்கம் எனப்படும். மண் நீரில் ஊறிக் காற்றோட்டம் குன்றும்போது, வேறு வகைப் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்காக நைட்ரேட்டை நாடி, அதனைப் படிப்படியாக நைட்ரஜன் வாயுவாகக் குறைக்கின்றன. இது நைட்ரஜன் வெளியேற்றம் எனப்படும். முதற்செயலில் பக்க விளைபொருளாகவும், இரண்டாவது செயலில் இடைநிலைப் பொருளாகவும் நைட்ரஸ் ஆக்சைடு தோன்றுகிறது.

காடுகளின் மண்ணும் கடலும் இவ்வாயுவை இயற்கையாகவே வெளியிட்டு வருகின்றன. மனிதச் செயல்களால் வெளியாவது மொத்தத்தில் ஏறத்தாழ 5-இல் 2 பங்கு ஆகும். அதிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு வேளாண்மையிலிருந்து வருவது. எஞ்சியவை நைட்ரிக் அமிலம், நைலான் மூலப்பொருளான அடிப்பிக் அமிலம் ஆகியவற்றின் தொழிற்சாலைகளிலிருந்தும், எரிபொருள், கழிவுநீர் முதலியவற்றிலிருந்தும் வருபவை.

ஒளி மூலக்கூறை உடைப்பது எவ்வாறு?

ஒளி வேதியியலின் முதல் விதி எளியது. ஒரு பொருள் உறிஞ்சிக்கொள்ளும் ஒளி மட்டுமே அப்பொருளில் மாற்றத்தை உண்டாக்கும். ஊடுருவிச் செல்லும் ஒளி எவ்வளவு வலிமையுடையதாயினும் பயனில்லை. 1817-இல் குரோத்துஸும், பின்னர் 1842-இல் டிரேப்பரும் வகுத்த இவ்விதியே நைட்ரஸ் ஆக்சைடின் நீண்ட வாழ்நாளை விளக்கும் திறவுகோல்.

ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் ஆற்றல் துகள் ஒவ்வொன்றின் வலிமையும் கூடும். அலைநீளத்தை நானோமீட்டர் என்னும் அலகில் அளக்கிறோம். ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியின் அலைநீளம் சுமார் 400 நானோமீட்டர். 200 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளித்துகளுக்கு அதைப்போல் இருமடங்கு ஆற்றல் உண்டு.

நைட்ரஸ் ஆக்சைடு மூலக்கூறின் ஓரத்திலுள்ள ஆக்சிஜன் அணுவைப் பிரிப்பதற்கு அதிக ஆற்றல் தேவையில்லை. ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். ஆயினும் உச்சி வெயிலில் இவ்வாயு உடைவதில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, எலக்ட்ரான்களின் சுழற்சி பற்றிய விதி. ஒளியால் நேரடியாக உடையும்போது, மூலக்கூறின் மொத்தச் சுழற்சி நிலை மாறாதிருத்தல் வேண்டும். ஆக்சிஜன் அணுவின் தாழ்ந்த நிலை இந்த விதிக்குப் பொருந்துவதில்லை. ஆகவே அணு கூடுதல் ஆற்றல் பெற்ற கிளர்ச்சி நிலையில் பிரிய வேண்டியுள்ளது. அதற்கு 340 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி தேவைப்படும். இரண்டாவது, அந்த எல்லைக்கு அருகிலுள்ள ஒளியையும் இம்மூலக்கூறு உறிஞ்சிக்கொள்வதில்லை எனலாம். 260 நானோமீட்டருக்குக் கீழேதான் உறிஞ்சுதல் மெல்லத் தலைகாட்டுகிறது. பின்னர் வேகமாக உயர்ந்து, 180 நானோமீட்டருக்கு அருகில் உச்சத்தை அடைகிறது.

உறிஞ்சிய பின்னர் நிகழ்வது ஐயத்திற்கு இடமற்றது. ஒளித்துகளை ஏற்ற மூலக்கூறு வளைந்து, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் உடைந்துவிடுகிறது. உடைந்ததும் ஒரு நைட்ரஜன் மூலக்கூறும், கிளர்ச்சியுற்ற ஓர் ஆக்சிஜன் அணுவும் பிறக்கின்றன. நைட்ரஜன் மூலக்கூறு நாம் சுவாசிக்கும் காற்றின் பெரும்பகுதியாக உள்ள அதே நைட்ரஜன்தான், தீங்கற்றது. ஆக்சிஜன் அணுவும் பெரும்பாலும் அருகிலுள்ள காற்று மூலக்கூறுகளின்மீது மோதித் தன் கிளர்ச்சியை இழந்து அமைதியடைகிறது.

உயரத்தில் ஓர் ஒளிச் சாளரம்

அத்தகைய புற ஊதா ஒளி கதிரவனிலிருந்து வந்துகொண்டேயிருக்கிறது. எனினும் அது தரையை எட்டுவதில்லை. ஏறத்தாழ 195 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தடுத்துவிடுகிறது. 215 நானோமீட்டருக்கு மேல் ஏறத்தாழ 300 வரையுள்ள ஒளியை ஓசோன் வலுவாக உறிஞ்சிக்கொள்கிறது. இவ்விரு திரைகளுக்கும் இடையே, 200 நானோமீட்டரை ஒட்டி, ஒரு குறுகிய சாளரம் உள்ளது. அங்கே இரு தடைகளும் ஓரளவு தளர்ந்திருப்பதால், ஒளி அடுக்கு மண்டலத்தின் நடுப்பகுதி வரை இறங்கி வருகிறது. நைட்ரஸ் ஆக்சைடைப் பெரும்பாலும் அழிப்பது இந்தச் சாளரத்தின் வழியே வரும் ஒளியேயாகும்.

ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் அடுக்கு மண்டலத்தில், 25 முதல் 40 கிலோமீட்டர் வரையுள்ள உயரத்தில் இச்சிதைவு மும்முரமாக நடைபெறுகிறது. 40 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மூலக்கூறு சில மாதங்களுக்குள் உடைந்துவிடும். அவ்வாறாயின் வானிலுள்ள வாயு முழுவதும் ஏன் விரைவில் அழிந்துவிடவில்லை என்னும் வினா எழும். இதற்கு விடை காற்றின் எடையில் உள்ளது. 31 கிலோமீட்டருக்கு மேலே இருப்பது வளிமண்டலத்தின் மொத்த எடையில் 100-இல் ஒரு பங்கே. எஞ்சிய காற்றும் அதிலுள்ள நைட்ரஸ் ஆக்சைடும் ஒளியின் எல்லைக்குக் கீழேயே தங்கியிருக்கின்றன.

கீழுள்ள காற்று மேலே செல்லும் வழியும் குறுகியது. வெப்பமண்டல நாடுகளுக்கு மேலே காற்று அடுக்கு மண்டலத்திற்குள் நுழைந்து, மெல்ல உயர்ந்து, துருவங்களை நோக்கிப் பரவி, அங்கே கீழிறங்குகிறது. ஆலன் புரூவர் 1949-லும் கார்டன் டாப்சன் 1956-லும் வெளியிட்ட ஆய்வுகளால் இச்சுழற்சி அறியப்பட்டது. அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது. மேலேறும் வேகம் நாளொன்றுக்குச் சில பத்து மீட்டரே. ஆகவே ஒளி பாயும் உயரத்தை அடைவதற்கே ஆண்டுகள் ஆகும். பெரும்பகுதிக் காற்று அவ்வளவு உயரத்தை அடையாமலே திரும்பிவிடுகிறது.

இத்துறையில் இந்திய அறிஞர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. ஆக்ராவிலிருந்து செலுத்தப்பட்ட பலூன்களின் அளவீடுகளைக் கொண்டு, வெப்பமண்டலத்திற்கு மேல் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் மிகக் குளிர்ந்த காற்று வளையம் ஒன்று அமைந்திருப்பதை 1929-இல் எடுத்துக்காட்டியவர் கே. ஆர். ராமநாதன். அடுக்கு மண்டலத்தின் வாயில் இந்தக் குளிர்ந்த பகுதியே. பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கிய அவர், ஓசோன் ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். ஹைதராபாத்திலுள்ள பலூன் தளத்திலிருந்து 1980-களில் செலுத்தப்பட்ட பலூன்கள், வெவ்வேறு உயரங்களில் காற்று மாதிரிகளைச் சேகரித்துத் தந்தன. இத்தகைய அளவீடுகள் காட்டுவது ஒரே போக்குதான். தரையிலிருந்து 16 கிலோமீட்டர் வரை நைட்ரஸ் ஆக்சைடின் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. அதற்கு மேல் குறைந்துகொண்டே சென்று, 40 கிலோமீட்டரில் 5-இல் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடுகிறது.

நூற்றில் ஆறு

அழிகின்ற நைட்ரஸ் ஆக்சைடில் சுமார் 90 விழுக்காடு மேற்கூறியவாறு ஒளியால் நேரே உடைவது. எஞ்சிய 10 விழுக்காடு வேறு வழியில் அழிகிறது. ஓசோன் ஒளியால் உடையும்போதும் கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் அணுக்கள் பிறக்கின்றன. அவற்றுள் சில, தம் கிளர்ச்சியை இழப்பதற்கு முன் நைட்ரஸ் ஆக்சைடு மூலக்கூறின்மீது மோதுகின்றன. அம்மோதலில் ஒரு பகுதி நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தருகிறது. பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதியில் இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகள் பிறக்கின்றன.

ஆகவே அழியும் நைட்ரஸ் ஆக்சைடு மூலக்கூறுகள் நூற்றில் சுமார் ஆறு மட்டுமே நைட்ரிக் ஆக்சைடாக மாறுகின்றன. தொண்ணூற்று நான்கு தீங்கின்றி மறைகின்றன. ஆனால் அந்த ஆறின் விளைவு பெரிது. நைட்ரிக் ஆக்சைடு ஓர் ஓசோன் மூலக்கூறிலிருந்து ஆக்சிஜன் அணு ஒன்றைப் பறித்து நைட்ரஜன் டையாக்சைடாகிறது. பின்னர் அதுவே தனித்துத் திரியும் ஓர் ஆக்சிஜன் அணுவுடன் வினைபுரிந்து, மீண்டும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. ஓசோன் அழிந்தது, அழித்த பொருள் பழைய நிலையிலேயே உள்ளது. அது அடுத்த ஓசோனைத் தேடுகிறது. இவ்வாறு ஒரே மூலக்கூறு பலமுறை ஓசோனைத் தாக்கிய பின்னரே நைட்ரிக் அமிலமாக மாறிக் கீழிறங்கி மழையில் கரைகிறது.

இந்தத் தொடர்வினையின் முக்கியத்துவத்தை 1970-இல் எடுத்துரைத்தவர் பால் குருட்சன். பாலம் கட்டும் பொறியியல் பயின்ற அவர், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக வானிலைத் துறையில் கணிப்பொறி நிரல் எழுதுபவராகச் சேர்ந்து ஆய்வாளராக உயர்ந்தவர். மறு ஆண்டிலேயே ஹரால்டு ஜான்ஸ்டன், ஒலியை விஞ்சும் விமானங்களின் புகை அடுக்கு மண்டலத்தில் இதே கேட்டினை விளைவிக்கும் என எச்சரித்தார். ஓசோன் பற்றிய ஆய்வுகளுக்காகக் குருட்சன், மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்டு ஆகிய மூவரும் 1995-இல் நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர்.

இயற்கையில் ஓசோன் ஓரளவு உண்டாகி ஓரளவு அழிந்து சமநிலையில் நிற்பதற்கும் இவ்வாயுவே ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. இயற்கை அளவில் இருந்தவரை நைட்ரஸ் ஆக்சைடு தீங்கு எனக் கூற இயலாது. அளவு கூடும்போதுதான் சமநிலை குலைகிறது.

வரவும் செலவும்

மாணவர்கள் இவ்வாயுவின் வாழ்நாளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வளிமண்டலத்திலுள்ள நைட்ரஸ் ஆக்சைடில் அடங்கிய நைட்ரஜனின் எடை ஏறத்தாழ 150 கோடி டன். ஆண்டுதோறும் ஒளியாலும் ஆக்சிஜன் அணுக்களாலும் அழிவது சுமார் 1.3 கோடி டன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 115 ஆண்டுகள் கிடைக்கும். மீத்தேன் வாயுவோ காற்றின் அடிமட்டத்திலேயே அழிக்கப்படுவதால் பத்து ஆண்டு அளவில் மறைந்துவிடுகிறது.

ஆண்டு வரவு 1.7 கோடி டன்னுக்குக் குறையாது. வரவுக்கும் அழிவுக்கும் உள்ள வேறுபாடே ஆண்டுதோறும் வானில் சேர்ந்துகொண்டிருக்கும் மிகுதியாகும். 100 கோடியில் ஒரு மூலக்கூறு என்னும் அளவில் இவ்வாயு ஆண்டுதோறும் பெருகுவது இதனால்தான். மனிதரால் வெளியாகும் அளவு இன்றே பாதியாகக் குறைந்தாலும், முன்னரே சேர்ந்துவிட்ட மிகுதி கரைவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வாயு பெருகினால் ஓசோன் குறையும். ஓசோன் குறைந்தால் மேலே ஒளி கூடும். ஒளி கூடினால் வாயு சற்று விரைவில் அழியும். இத்தகைய தற்கட்டுப்பாடு உண்மையில் உண்டு. எனினும் அது சிறிதளவே. அதனை நம்பி இருத்தல் இயலாது.

ஓசோன் படலத்தின் இன்றைய நிலை

1985-இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பது வெளியிடப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. குளோரோஃபுளோரோ கார்பன்களின் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டு, 2010-க்குள் உலகெங்கும் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. ஓசோன் படலம் மீண்டு வருகிறது. துருவங்கள் நீங்கலான பகுதிகளில் 2040-ஐ ஒட்டியும், அண்டார்க்டிகாவில் 2066-ஐ ஒட்டியும் அது 1980-ஆம் ஆண்டு நிலையை அடையலாம் என்பது 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு.

நைட்ரஸ் ஆக்சைடு அவ்வுடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெறவில்லை. 1997-இல் உருவான கியோட்டோ உடன்படிக்கை இதனைப் பசுங்குடில் வாயுக்களுள் ஒன்றாக மட்டும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் ஏ. ஆர். ரவிசங்கராவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2009-இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டனர். மனிதரால் இன்று வெளியிடப்படும் பொருள்களுள் ஓசோனுக்கு மிகுந்த இழப்பை உண்டாக்குவது நைட்ரஸ் ஆக்சைடே என்பது அவர்கள் கண்ட முடிவு. மேலும், அடுக்கு மண்டலத்தில் குளோரினும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஒன்றையொன்று பிணைத்து முடக்கிவைக்கின்றன. குளோரின் குறையக் குறைய இப்பிணைப்பும் தளர்ந்து, நைட்ரஸ் ஆக்சைடின் பங்கு மேலும் கூடும்.

புவி வெப்பத்தைப் பொறுத்தவரை, நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டையாக்சைடுக்கு இணையானது. இவ்வளவு உயர்ந்த மதிப்பு பெறுவதற்கு அதன் நீண்ட வாழ்நாளும் ஒரு காரணமாகும்.

தொழிற்சாலையும் வயலும்

ஒளி செய்யும் பணியை மனிதர் செய்ய இயலாதா என்று கேட்கலாம். ஓரிடத்தில் இயலும். நைட்ரிக் அமிலத் தொழிற்சாலைகளில் இவ்வாயு குழாய் வழியே செறிவுடன் வெளிவருவதால், மிகுந்த வெப்பத்தில் வினையூக்கிகளைக் கொண்டு அங்கேயே அதனை உடைத்துவிடலாம். கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் நம் நாட்டு ஆலைகள் சிலவற்றிலும் இத்தகைய ஏற்பாடுகள் செய்யப்பட்டன. கோடிக்கணக்கான வயல்களிலிருந்து மெல்லிய அளவில் கசியும் வாயுவைச் சேகரிக்க வழியில்லை. வானில் கலந்த பின் ஒளியின் வேகத்தைக் கூட்டவும் இயலாது. ஆகவே வயலில் வெளியாவதைத் தடுப்பது ஒன்றே வழியாகும்.

இந்தியாவில் 1950-51-இல் உழவர்கள் பயன்படுத்திய இரசாயன உரச் சத்துகள் அனைத்தும் சேர்ந்து சுமார் 70 ஆயிரம் டன்னே. இன்று அது ஏறத்தாழ 3 கோடி டன். யூரியாவின் பயன்பாடு மட்டும் ஆண்டுக்கு சுமார் 3.5 கோடி டன். நாட்டின் உணவுத் தன்னிறைவு இந்த உரத்தின்மீது எழுந்தது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், மனிதரால் வெளியாகும் நைட்ரஸ் ஆக்சைடில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா இருப்பதாக 2024-இல் வெளியான உலக மதிப்பீடு கூறுகிறது. மக்கள்தொகையும் சாகுபடிப் பரப்பும் மிகுந்த நாட்டில் இது வியப்பன்று. எனினும், இடும் நைட்ரஜனில் பெரும்பகுதி பயிருக்குச் சேராமல் வீணாவதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு ஹெக்டேருக்கு 120 கிலோ நைட்ரஜன் இடுவதாகக் கொள்வோம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ளதால், 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 6 மூட்டைகள் தேவைப்படும். இடும் நைட்ரஜனில் ஒரு விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாகிறது என்பது உலகக் கணக்குகளில் வழக்கமாகக் கொள்ளப்படும் பொது அளவு. நீர் தேங்கிய நெல் வயல்களில் இது இன்னும் குறைவு. அக்கணக்குப்படி 1.2 கிலோ நைட்ரஜன், அதாவது ஏறத்தாழ 1.9 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, வானை அடைகிறது. இதன் வெப்ப விளைவு 500 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டையாக்சைடுக்கு ஒப்பாகும். உரத்தில் ஒரு மூட்டை மிச்சமானால் இதில் 6-இல் ஒரு பங்கு குறையும். உழவருக்கு உரச்செலவும் அரசுக்கு மானியச் செலவும் மிஞ்சும்.

செய்யத்தக்கவை

முதலாவது, மண் ஆய்வின்படி உரமிடுதல். 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் இதற்கு அடிப்படை. அட்டையை வழங்குவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. அதிலுள்ள பரிந்துரை உரக்கடையில் வாங்கும் மூட்டைகளின் எண்ணிக்கையை மாற்றியதா என்பதே திட்டத்தின் வெற்றியை அளக்கும் கோல்.

இரண்டாவது, காலமறிந்து பிரித்திடுதல். பயிரின் வேர் ஏற்கும் தருணத்தில் சிறிது சிறிதாக இடப்படும் நைட்ரஜன், பாக்டீரியாக்களுக்குக் கிடைப்பது குறைவு. இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை, எழுத்தறிவு குறைந்த உழவரும் பயன்படுத்தத்தக்க மலிவான கருவியாகும்.

மூன்றாவது, வேம்பின் பயன். வேப்பங்கொட்டையிலுள்ள பொருள்கள் நைட்ரேட்டாக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் 1970-களின் தொடக்கத்திலேயே இது பற்றிய ஆய்வுகள் நடைபெற்றன. 2015 முதல் நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்ப எண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. எனினும், பூச்சுள்ள யூரியாவையும் தேவைக்கு மிஞ்சி இட்டால் பயன் குன்றும்.

நான்காவது, நீர் மேலாண்மை. நெல் வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சும் முறை நீரை மிச்சப்படுத்துகிறது. மீத்தேன் வெளியேற்றத்தையும் குறைக்கிறது. ஆனால் மண் மாறி மாறி நனைந்து காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். ஆகவே இம்முறையைப் பரிந்துரைக்கும் அலுவலர், உர அளவையும் உரமிடும் நாளையும் சேர்த்தே பரிந்துரைத்தல் வேண்டும். ஒரு கேட்டினைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவது முறையாகாது.

ஐந்தாவது, பயிர்ச் சுழற்சி. பயறு வகைகள் தமக்கு வேண்டிய நைட்ரஜனைத் தாமே காற்றிலிருந்து பெற்றுக்கொள்வதால், அடுத்த பயிருக்கும் உரத்தேவை குறையும். தொழு உரமும் பசுந்தாள் உரமும் மண்ணுக்கு நல்லவையே. ஆயினும் அவற்றிலுள்ள நைட்ரஜனும் நைட்ரஸ் ஆக்சைடாக மாறக்கூடியது. ஆதலால் அவற்றின் சத்தையும் கணக்கில் சேர்த்து யூரியாவைக் குறைத்தல் வேண்டும்.

விலைக் கொள்கையும் இங்கே குறிப்பிடத்தக்கது. 2010-இல் சத்து அடிப்படையிலான மானிய முறை வந்தபோது, மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்கள் அதன்கீழ் வந்தன. யூரியா அதற்கு வெளியே, நிர்ணய விலையில் நிறுத்தப்பட்டது. மலிவான உரம் மிகுதியாக இடப்படுவது இயல்பு. 4:2:1 என்னும் பொதுவான சத்து விகிதத்திலிருந்து பல மாநிலங்கள் விலகியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு ஊக்கம் அளிக்கும் பி.எம். பிரணாம் திட்டம் 2023-இல் ஏற்கப்பட்டது. சிறு உழவரின் விளைச்சல் குறையாதவாறு இத்தகைய மாற்றங்களைக் கொண்டுசெல்வது மாவட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளது.

முடிவுரை

நைட்ரஸ் ஆக்சைடு அழியும் இடம் ஒன்றே. அது வானின் உயரத்தில் உள்ளது. அங்கே நடைபெறும் வேலையின் வேகத்தை ஒளியின் இயல்பும் காற்றின் சுழற்சியும் வரையறுத்துவிட்டன. அவ்வழிவின்போதும் நூற்றில் ஆறு மூலக்கூறுகள் ஓசோனுக்கு எதிராகத் திரும்புகின்றன. வானில் நடைபெறும் செலவை நாம் கூட்ட இயலாது. வயலிலிருந்து செல்லும் வரவை மட்டுமே குறைக்க இயலும். பயிருக்கு வேண்டிய அளவில், வேண்டிய நாளில் நைட்ரஜனை இடும் உழவர், தம் செலவைக் குறைத்துக்கொள்கிறார். அடுத்த நூற்றாண்டின் மக்களுக்கும் நன்மை செய்கிறார். அவருக்கு உரிய காலத்தில் உரிய அறிவுரையைக் கொண்டுசேர்ப்பது வேளாண் விரிவாக்கப் பணியாளரின் கடமையாகும்.